வாலியின் வரமும் வண்டிக்காரரின் அட்டையும்

வாலி வாங்கிவந்த வரத்தைப் போல அழகாகக் கட்டப்பட்ட ஒரு சக்தியை எந்த ஆட்டப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. எதிரே வந்து மோதுகிறவன் பலத்தில் பாதி வாலிக்குச் சேர்ந்துவிடும். ஒரே வரிதான். அந்த ஒரு வரியிலிருந்து எத்தனை முளைக்கிறது பாருங்கள்! நேருக்கு நேர் நின்று அவனை யாராலும் வெல்ல முடியாது. ஆகவே ராமனே மறைந்து நின்று அம்பு விட வேண்டியதாகிறது. அது முறையா என்று இன்றைக்கும் பட்டிமன்ற மேடைகளில் அடித்துக்கொள்கிறோம். அதே வாலிக்கு ஒரு சாபமும் உண்டு. மதங்க முனிவர் இருந்த மலையில் கால் வைத்தால் உயிர் போய்விடும். சுக்கிரீவனுக்கு ஒளிய ஓர் இடம் கிடைத்ததே அந்தச் சாபத்தால்தான்.

இரணியன் கதையும் அப்படியே. மனிதனாலும் சாகக் கூடாது, மிருகத்தாலும் கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. வீட்டுக்குள்ளும் கூடாது, வெளியிலும் கூடாது. அவன் அடைத்த ஒவ்வொரு வாசலுக்கும் பக்கத்தில் ஒரு சந்து இருந்தது. அந்திப்பொழுது, வாசற்படி, நரசிம்மம். கேட்கும் குழந்தைக்கு மயிர்க்கூச்செறிவது இரணியனின் பலத்தால் இல்லை, அந்தச் சந்து கண்டுபிடிக்கப்படும் நொடியால்.

இதையெல்லாம் இவ்வளவு ஆசையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் நாங்கள் ஆடும் ஒரு கதையாட்டத்துக்கு, ஆடுகிறவர்களின் சக்திகளுக்கு விதி கட்டும் வேலை என்னுடையது. இவ்வளவு சந்தோஷம் தருகிற வேலை வேறொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைப் பற்றிப் பேசுகிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடப் பேசியிருக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். 'காட்டுக்குள் சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று நடத்துபவர் கேட்பார். என்ன செய்வது என்பது அவரவர் இஷ்டம். செய்தது பலித்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பகடை சொல்லும். ரோல்பிளேயிங் கேம் என்று உலகம் முழுக்கப் பெயர். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் முதலில் அச்சில் விற்பனைக்கு வந்தது. அதில் அப்போது இருந்தவை மூன்றே வகைப் பாத்திரங்கள்: சண்டைக்காரர், மந்திரவாதி, பூசாரி.

அந்த மந்திரவாதியின் சக்தியில் ஒரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலையில் மந்திரத்தை மனப்பாடம் செய்வார். ஒருமுறை சொன்னதும் மறந்துபோகும். ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து எடுத்தது அது. நமக்கோ கர்ணனைத் தெரியும். பரசுராமர் சாபத்தால், உயிர்போகிற நேரத்தில் பார்த்து அஸ்திர மந்திரம் மறந்துபோனவன் அவன். மறதியை ஒரு சக்தியின் விலையாக வைப்பது எவ்வளவு கூர்மையான யோசனை! இரண்டு கண்டங்களில் இரண்டு பேர் தனித்தனியாக அதைக் கண்டடைந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதே எனக்குக் குதூகலம் வந்துவிடுகிறது.

1981இல் ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் சாம்பியன்ஸ் என்றோர் ஆட்டம் கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால், சக்திகளை வடிவமைக்கும் கலையில் அதுதான் பெரிய திருப்பம். ஆயத்தமான சக்திப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லாமல், புள்ளிகளைக் கையில் கொடுத்து 'உன் சக்தியை நீயே கட்டிக்கொள்' என்றது. இரண்டு விஷயம் அதில் அபாரம். சக்தி என்ன செய்கிறது என்பது வேறு, கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது வேறு என்று பிரித்துவிட்டார்கள். தூரத்திலிருப்பவனைத் தாக்கும் ஒரே சக்தி ஒருவர் கையில் மின்னல், இன்னொருவர் கையில் நெருப்பு, விதி ஒன்றுதான். அடுத்தது, சக்திக்கு ஒரு குறை வைத்துக்கொண்டால் விலை குறையும். இரவில் மட்டும் வேலைசெய்யும், தண்ணீர் பட்டால் அணைந்துவிடும் என்று எழுதினால் புள்ளி மிச்சம். பிரம்மாவிடம் வரம் கேட்ட அசுரர்களின் பேரம்தான் இது, கணக்கோடு வந்திருக்கிறது!

பிறகு 1986இல் கர்ப்ஸ் வந்தது, 2013இல் ஃபேட் கோர் வந்தது. 'இன்ன சமயத்தில் இன்னது செய்தால் எனக்கு அனுகூலம்' என்று ஆடுபவரே ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொள்ளும் வசதியை ஃபேட் கொடுத்தது. எல்லாவற்றையும் படித்தேன். எல்லாமே அருமை. ஆனால் முந்நூறு பக்கப் புத்தகத்தை என் பெரியம்மா கையில் கொடுத்து 'இதிலிருந்து ஒரு சக்தி எடுங்க' என்று சொல்ல முடியுமா? நாற்று நடவுக்குப் போய் வளர்ந்தவர் அவர். அவருக்குக் கதை தெரியும், ஆள் தெரியும், பேச்சு தெரியும். பட்டியல் மட்டும் வேண்டாம். இந்த ஆட்டம் படித்தவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆகவே எங்கள் ஆட்டத்தை நாங்களே கட்டினோம். முதலில் பகடை. இருபது முகப் பகடை கம்பம் கடைத்தெருவில் கிடைக்காது, கிடைத்தாலும் வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. இரண்டு நீளக் கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றுமே இல்லாத வெறும் பக்கம். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து உருட்டும்போது வருகிற கிணுகிணு சத்தம் இருக்கிறதே, அதற்கே ஆட்டம் பாதி களைகட்டிவிடும்.

கணக்கு டீச்சரான என் அக்கா ஒரு நாள் காகிதத்தில் போட்டுக் காட்டினார். இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். மூன்று விழ 4 வழி. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழி. ஒன்றுக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே வழி. நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு, எங்கோ எட்டத்தில் ஒற்றைச் சிகரமாகப் பன்னிரண்டு! மேசை ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்காகத் தேடுகிற வளைவு நம் வீட்டுப் பரண்மேல் கிடந்திருக்கிறது.

இந்தக் கணக்கு சக்திகளை எழுதும் விதத்தையே தீர்மானித்துவிட்டது. இருபது முகப் பகடையில் ஒரு எண்ணைக் கூட்டிக் கொடுத்தால் வாய்ப்பு 5 சதவீதம் கூடும், பெரிதாக ஒன்றும் ஆகாது. தாயக்கட்டையில் அப்படி இல்லை. நான்கோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்றால் 16இல் 7 வழி. அதே ஆளுக்கு ஒன்றைக் கூட்டிக் கொடுத்தால் மூன்றே போதும், 16இல் 11 வழி. ஒரேயடியாக 25 சதவீதம் எகிறிவிடும். அதனால் எங்கள் ஆட்டத்தில் எண்ணைக் கூட்டித் தரும் சக்தியே கிடையாது. ஒவ்வொரு சக்தியும் மற்றவரால் செய்ய முடியாத ஏதோ ஒன்றைச் செய்ய வேண்டும். இந்தக் கட்டாயம்தான் எங்கள் ஆட்டத்துக்கு வாய்த்த மிகப்பெரிய அதிர்ஷ்டம்.

ஆடுபுலி ஆட்டத்தில் இதைத்தானே நம் பாட்டன்மார் செய்து வைத்திருக்கிறார்கள்? 3 புலி, 15 ஆடு. புலிக்குப் பலம் அதிகம் என்று எங்கும் எண் எழுதியில்லை. புலி தாண்டும், ஆடு தாண்டாது. ஆடு சூழ்ந்து அடைக்கும், புலிக்கு அது வராது. கோயில் மண்டபத் தரைக்கல்லில் செதுக்கிய அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம், அதைச் செதுக்கியவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தாயம், அதாவது ஒன்று, விழுந்தால் என்ன செய்வது என்பதுதான் நான் ரசித்து ரசித்துக் கட்டிய இடம். கூட்டிப் பார்த்தால் ஒன்று மிகக் குறைந்த எண். சாதாரணமாகப் பார்த்தால் தோல்வி. ஆனால் நம் ஊரில் தாயம் விழுந்தால் தோல்வி என்று எவனாவது சொல்வானா? தாயம் போட்டால்தானே காய் இறங்கும்? அதனால் எங்கள் விதி இது: தாயம் விழுந்தால் அப்போது செய்யப்போன காரியம் பலிக்காது, ஆனால் உங்கள் சக்தி, அதாவது வரம், திறக்கும். அதை எழுதிய அட்டையைக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள், நிமிர்த்தி வைக்கலாம். ஒருமுறை பயன்படுத்தியதும் மறுபடி கவிழ்க்க வேண்டும். 8 உருட்டுக்கு ஒரு தாயம் என்பது சராசரி. தோற்ற கையோடு 'தாயம்!' என்று கத்திக்கொண்டு எழுந்து நிற்கிற முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். விழுந்த இடத்திலேயே ஒரு கதவு திறக்கிறது.

கதை நடப்பது 1890இல். மலைமேல் பெரியாறு அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. 1887இல் வேலை தொடங்கி 1895இல் முடித்தார்கள். மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே நம் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15ஆம் தேதியில் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள், லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கில் அவரை அறியாத பிள்ளை கிடையாது. ஆனால் எங்கள் ஆட்டத்தில் பென்னிகுயிக் தூரத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி மட்டுமே. ஆடுகிறவர்கள் வண்டிக்காரர், காவல்காரி, கிணறு பார்ப்பவர், ஒப்பாரிக்காரி, மலைத்தேன் எடுக்கும் பையன். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் ஆட்கள் செத்து விழுந்த வேலை அது. அந்த ஆட்களின் பக்கம் நின்று கதை சொல்ல வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் இயல்பாகவே வந்தது.

இனி அட்டைக்கு வருகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். நல்ல கெட்டித் தாள், பின்பக்கம் வெள்ளை. ஒன்றை நான்காகக் கிழித்தால் நான்கு வரம். ஒவ்வோர் அட்டையிலும் மூன்று வரி. முதல் வரி, என்ன செய்ய முடியும். இரண்டாம் வரி, என்ன நிபந்தனை. மூன்றாவது வரி காலியாக இருக்கும், அது வளர்வதற்கு.

முதல் வரியை ஆடுகிறவரே எழுத வேண்டும். இரண்டாம் வரியை அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எழுதுவார். இந்த ஒரு விதிக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். வரம் கேட்பவன் நிபந்தனையையும் தானே எழுதினால் வலிக்காத ஒன்றாகப் பார்த்து எழுதுவான். நடத்துபவர் எழுதினால் தண்டனை போலப் படும். பக்கத்தில் இருப்பவர் எழுதினால் அது விளையாட்டாகிறது. அவருக்கும் அந்தப் பாத்திரத்தில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. ஆட்டம் முழுக்க 'நான் வைத்த முடிச்சு என்னவாகிறது பார்' என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், கம்பத்திலிருந்து குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன்னே மலை ஏறி, சாயங்காலம் இறங்குவார். அவர் எடுத்தது வண்டிக்காரர் பாத்திரம். எழுதினார்: 'என் மலைமாடு ஏறாத ஏத்தம் கிடையாது.' வலப்பக்கம் அக்கா. பேனாவை வாங்கி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை: 'ஏறும். ஆனால் வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உண்மையில் ஏன் மலைக்குப் போகிறார் என்பதை வாய்விட்டுச் சொன்னால்தான் ஏறும்.'

மாடிக்கே மூச்சு நின்றது. என்ன ஒரு நிபந்தனை! வண்டி ஏற வேண்டும் என்றால் யாராவது ஒருவர் மனசைத் திறக்க வேண்டும். அன்று முதல் எங்கள் கதையின் முக்கியமான பேச்செல்லாம் மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில்தான் நடக்கிறது. காவல்காரி கூலிக்காக வரவில்லை, அண்ணனைத் தேடி வந்திருக்கிறாள் என்பது வண்டி சரிந்து நின்ற ஒரு வளைவில்தான் எல்லோருக்கும் தெரிந்தது. 'எங்க வண்டியிலயும் அப்படித்தான் மாப்ள, ஏத்தத்துலதான் எல்லாரும் வீட்டுக் கதையை எடுப்பாங்க' என்றார் மச்சான். பக்கத்தில் இருந்தே பார்த்தவர் எழுதிய நிபந்தனை அது.

சித்தப்பாவுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் பன்னீர் திராட்சைதான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. கிணறு பார்ப்பவராக வந்தவர் எழுதினார்: 'மண்ணை அள்ளி மோந்தாலே தண்ணி எங்க இருக்குன்னு தெரியும்.' வலப்பக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் அக்கா மகன். அவன் எழுதியது: 'தெரிந்ததை, நேராக யார் கேட்டாலும் மறைக்க முடியாது.'

இந்த இரண்டு வரியிலிருந்து நாங்கள் ஆடியவற்றிலேயே தலைசிறந்த ராத்திரி வந்தது. வறண்ட கோடைக்காலம். தொழிலாளர் குடிசைகளுக்குப் பின்னால், பாறைக்கடியில் ஊற்று இருப்பதை அவர் மோந்து கண்டுபிடித்துவிட்டார். காண்ட்ராக்டருக்குத் தெரிந்தால் சுண்ணாம்பு குழைக்க மொத்தத் தண்ணீரையும் எடுத்துக்கொள்வான். குடிசைப் பிள்ளைகளுக்குச் சொட்டு மிஞ்சாது. இப்போது அவர்கள் முன்னால் ஒரே ஒரு வேலை: கிணறு பார்ப்பவரிடம் யாரும் 'தண்ணீர் எங்கே?' என்று கேட்டுவிடக் கூடாது.

கதை நடத்துகிற நான்தான் காண்ட்ராக்டர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர் குறுக்கே வந்தார். நான் வாயைத் திறந்தால் மச்சான் மாட்டுக்குக் காணை என்று கத்துகிறார். அக்கா காவல்காரியாகக் கோம்பை நாயை அவிழ்த்துவிடுகிறார். நாய் குரைக்கும் குரைப்பில் காண்ட்ராக்டர் கேட்பது காதில் விழாது என்று வாதம். கட்டையை உருட்டினோம், ஐந்து விழுந்தது, பலித்தது! சித்தப்பாவோ ஒரு வார்த்தை பேசாமல் நடுவில் உட்கார்ந்து, யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நிஜமாகவே வேர்த்துக்கொண்டிருந்தார். சண்டை இல்லை, கத்தி இல்லை. ஒரு கேள்வியைத் தடுப்பதற்காக ஐந்து பேர் இரண்டு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கடைசியில் காண்ட்ராக்டர் 'என்னய்யா மோந்து பார்த்துட்டு நிக்கிற?' என்று கேட்டபோது சித்தப்பா எழுந்து நின்று, 'மண்ணுங்க எசமான்' என்றார். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்! நிபந்தனையின் எழுத்து மீறப்படவில்லை. பையன் எழுந்து குதித்தான். வாலியும் இரணியனும் சந்தில் மாட்டித் தோற்றார்கள். எங்கள் சித்தப்பா சந்தில் புகுந்து ஜெயித்தார்.

இதை எந்தப் புத்தகத்துப் பட்டியல் தரும்? 'நீர் கண்டறிதல், தூரம் இத்தனை அடி, ஒரு நாளைக்கு ஒருமுறை' என்றுதான் தரும். தூரத்தையும் எண்ணிக்கையையும் நிபந்தனையாக வைப்பதை நான் அறவே விட்டுவிட்டேன். அவை பயன்பாட்டை அளக்கும், அவ்வளவே. மனிதர்களுக்கு நடுவே நிபந்தனையைக் கொண்டுபோய் வைத்தால் அது கதையை உண்டாக்கும்.

பெரியம்மாவின் அட்டையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. ஒப்பாரிக்காரி. 'நான் மாரடிச்சுப் பாடுனா எந்த மனுசனும் கை ஓங்க மாட்டான்.' அவர் சொல்ல நான் எழுதினேன். வலப்பக்கம் சித்தப்பா. 'ஒவ்வொரு தடவையும் செத்துப்போன ஒருத்தர் பேரைச் சொல்லித்தான் பாடணும். ஒரு பேருக்கு ஒரு தடவைதான்.' விளைவை யோசித்துப் பாருங்கள். அவருடைய சக்தி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது அவருக்கு எத்தனை இறந்தவர்களைத் தெரியும் என்பதைப் பொறுத்தது. அதனால் ஒப்பாரிக்காரி குடிசை குடிசையாகப் போய், காய்ச்சலில் செத்தவர்களின் பெயரைக் கேட்டுச் சேர்க்கிறாள். ஊர் எது, யார் பிள்ளை, என்ன சாப்பாடு பிடிக்கும் என்றெல்லாம் விசாரிக்கிறாள். பெயர் மட்டும் இருந்தால் பாட்டு வராது என்று பெரியம்மாவே ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டார். அணைக்கு அருகில் அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் இடம் கிடைக்காத கூலிக்காரர்களுக்கு எங்கள் மாடியில் ஒருவர் பெயர் வைத்து, முறை வைத்துப் பாடிக்கொண்டிருக்கிறார். சண்டையை நிறுத்தும் ஒரு சக்தியாகத் தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது!

இடம் என்பதும் நிபந்தனையை எழுதித் தரும். இந்தப் பள்ளத்தாக்கு அதில் மகா கெட்டிக்காரத்தனமானது. கூடலூருக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோட்டம். ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் பக்தர்களை விடுவார்கள். பளியங்குடி வழியாக மலையேறிப் போகலாம். இதைவிட நல்ல நிபந்தனையை உட்கார்ந்து யோசித்தாலும் எழுத முடியாது. அக்காவின் காவல்காரிக்கு ஒரு வரம் இருக்கிறது: அநியாயம் செய்தவனைப் பார்த்து நீதி கேட்டால் அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். கண்ணகியிடமிருந்து வந்தது. சித்ரா பௌர்ணமியன்று மட்டும் பலிக்கும். கதையில் இப்போது பங்குனி நடக்கிறது. காலண்டரைப் பார்த்துப் பார்த்துக் காய் நகர்த்துகிறார்கள். அந்த நாளில் காண்ட்ராக்டரை மலைமேல் எப்படிக் கொண்டுவந்து நிறுத்துவது என்று வாட்ஸ்அப்பில் வாரம் முழுக்கச் சதி ஆலோசனை நடக்கிறது.

யானைக்கு மட்டும் நான் வரமே எழுதவில்லை. 2023 மே 27ஆம் தேதி அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் ஊருக்குள் வந்தபோது 144 தடை உத்தரவு போட்டு, சனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கதையில் 'யானை நிற்கிறது' என்று சொன்னால் போதும். கட்டையை உருட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

மூன்றாவது வரி வளர்வதற்கு என்றேன் இல்லையா? 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்திலிருந்து எனக்கு அதற்கான பொறி கிடைத்தது. அதில் எதைச் செய்கிறோமோ அதில்தான் தேர்ச்சி கூடும். ஆட்களைக் கொன்றுவிட்டுப் பூட்டுத் திறக்கும் வித்தையில் முன்னேற முடியாது. எவ்வளவு நியாயம்! எங்கள் விதி அதிலிருந்து ஒரு படி தள்ளிப் போகிறது. நிபந்தனை உங்களை நிஜமாகவே சிக்கலில் மாட்டிவிட்ட நாளில்தான் மூன்றாவது வரியை எழுதலாம். சக்தியைப் பயன்படுத்தி ஜெயித்ததற்கு வளர்ச்சி கிடையாது. சித்தப்பா இப்போது எழுதியிருப்பது: 'கேட்டவனிடம் நானும் ஒன்று கேட்கலாம், அவனும் மறைக்க முடியாது.' பொய் சொல்ல முடியாத மனிதர் எதிராளியையும் உண்மைக்குள் இழுத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் சமமான பலம் இருக்கிறதா என்று புள்ளிபோட்டுச் சரிபார்ப்பதில் சில வடிவமைப்பாளர்கள் வாழ்நாளைச் செலவிடுகிறார்கள். அந்த உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. போட்டி ஆட்டத்துக்கு அது தேவை. எங்கள் மாடியில் நான் பார்ப்பது ஒன்றுதான். அந்த இரவில் ஒவ்வொருவரின் அட்டைக்காகவும் மற்ற எல்லோரும் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தார்களா? பார்த்தார்கள் என்றால் எடை சரியாக இருக்கிறது. இல்லையென்றால் அட்டை மாற வேண்டும், அதுவும் முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாம் வரியை மட்டும் மாற்றினால் போதும். ஆள் கேட்ட வரத்தை நான் பிடுங்குவதே இல்லை. தேன் எடுக்கும் பையனுக்கு 'தேனீ கொட்டாது' என்று ஒரு வரம் இருந்தது. 'மழையில் பலிக்காது' என்று இருந்த நிபந்தனையை 'அவனைத் தொட்டுக்கொண்டிருப்பவரையும் கொட்டாது. ஆனால் அவன் கையை விட்டால் அவரைத்தான் முதலில் கொட்டும்' என்று மாற்றினோம். அதுவரை ஓரமாக நின்ற பையனின் கையைப் பிடித்துக்கொள்ள இப்போது எல்லோரும் முந்துகிறார்கள்!

தாயக்கட்டையைத் தொடுகிற சக்திகள் சில எழுதியிருக்கிறேன், அவற்றைப் பற்றியும் சொல்லாமல் விட மனசில்லை. விழுந்த இரண்டு கட்டையில் ஒன்றை மட்டும் ஒரு பக்கம் புரட்டி வைக்கலாம் என்பது ஒன்று. கட்டையில் எந்தப் பக்கத்துக்கு அடுத்தது எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும் அதற்கு. பெரியம்மா பார்க்காமலே விரலால் தடவிச் சொல்லிவிடுவார்; அக்கா மகன் பார்த்து மனப்பாடம் செய்கிறான். இன்னொன்று, எங்கள் பக்கத்துத் தாயத்தில் உள்ளே போக வேண்டுமானால் ஒரு வெட்டாவது வெட்டியிருக்க வேண்டும் என்பார்களே, அதிலிருந்து வந்தது: இன்னொருவரின் உருட்டை நீங்கள் வெட்டிக் கெடுக்கலாம், அதன்பிறகுதான் உங்கள் பெரிய வரம் வேலைசெய்யும். கூட்டாளியைக் கெடுக்காமல் உள்ளே போக முடியாது. அந்த அட்டையை எடுக்க இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வருகிற நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். தேவாரத்திலோ போடியிலோ வருசநாட்டிலோ ஒரு கூட்டம் அதைச் செய்தால் நான் முதல் பேருந்தில் ஏறி வந்துவிடுவேன். ஏலக்காய் ஏலம் நடக்கிற போடியில் விலை பேசுவதையே வரமாக வைத்து ஓர் ஆட்டம் வராதா? அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி வாடிவாசலில் மாடாகவே ஆட வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன எழுதுவீர்கள்? எனக்கு இப்போதே கை துறுதுறுக்கிறது.

அக்கா மகன் போன வாரம் கேட்டது அதைவிடப் பெரியது. 'மாமா, நான் ஆறாவே ஆடட்டுமா?' பெரியாறாக! முதல் வரியை எழுதிக்கொண்டு வந்துவிட்டான்: 'பள்ளம் இருக்கும் இடமெல்லாம் நான் போவேன், எந்தச் சுவரும் எனக்கு நிரந்தரம் இல்லை.' அவனுக்கு வலப்பக்கம் பெரியம்மா. அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, 'ஏத்தா, என்ன எழுதப் போறீங்க?' என்று எல்லோரும் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மச்சான் அவரை ஜீப்பில் கொண்டுபோய் விடும்போது கேட்டுப் பார்த்திருக்கிறார், அப்போதும் சொல்லவில்லையாம். அக்கா ஒன்று சொல்கிறார், சித்தப்பா வேறொன்று சொல்கிறார், நான் எனக்குத் தோன்றிய நிபந்தனைகளைப் பத்திரிகை ஓரங்களிலெல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டம். மாடியில் பாய் போதாது, பக்கத்து வீட்டில் இரவல் கேட்டிருக்கிறேன்.